வார்டு ஓட்டு: கார்டு கையில் இருந்தும் பெயர் ஏன் காணோம்?

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. திருநெல்வேலி மாநகராட்சித் தேர்தல். பெருமாள்புரத்தில் இருக்கிற என் அத்தை காலை ஏழு மணிக்கே குளித்து முடித்து, வாக்காளர் அட்டை, ஆதார், எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டு வரி ரசீது, மூன்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குப் போனார். பட்டியலில் பெயர் இல்லை. "கார்டு இருக்கு, ஆதார் இருக்கு, இந்த வருஷத் தீர்வை கட்டின ரசீதும் இருக்கு. இன்னும் என்னத்த கேக்குதிய?" என்று அங்கிருந்த அலுவலரிடம் அத்தை கேட்டதில் வரிசையே நின்றுவிட்டது. அந்த அலுவலர் பாவம், என்ன செய்வார்? அவர் கையில் இருந்த தாளில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு தேடிப் பார்த்தால் பெயர் மகாராஜநகரில், நாலு வருஷத்துக்கு முன்னால் காலி செய்த வாடகை வீட்டு முகவரியில் பத்திரமாக இருந்தது. மதியத்துக்கு மேல் ஆட்டோ பிடித்துப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். வந்ததும் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை: "அந்தத் தெரு சாக்கடைய அள்ளுததுக்கு நான் எதுக்குய்யா கவுன்சிலர் தேடிக் குடுக்கணும்?"

அன்று சாயங்காலம் டீக்கடையில் இதைச் சொன்னேன். அங்கே இருந்தது ஐந்து பேர். வீட்டு வரி கட்டுகிறவனுக்குத்தான் மாநகராட்சியில் ஓட்டு என்றார் ஒரு அண்ணாச்சி. வாடகைக்காரனுக்குச் சொந்த ஊரில்தான் ஓட்டு என்றார் இன்னொருவர். உள்ளாட்சிக்கு என்று தனிக் கார்டு வாங்க வேண்டும் என்று ஒருவர் சத்தியம் செய்தார். மேயருக்குப் போட வேண்டிய பட்டனையே மெஷினில் காணவில்லை, ஏதோ மோசடி நடந்திருக்கிறது என்றார் நாலாவது ஆள். ஐந்தாமவர் தனக்கு ஊரிலும் ஓட்டு இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். இந்த ஐந்துமே தப்பு. ஐந்தாமவர் சொன்னது தப்பு மட்டுமில்லை, குற்றமும்கூட. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரே ஆறு, இரண்டு நிர்வாகம்

முதல் குழப்பம் தேர்தலை யார் நடத்துகிறார்கள் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. தாமிரபரணித் தண்ணீர் பாளையங்கால்வாயில் ஓடினால் அது நீர்வளத்துறை பொறுப்பு. அதே தண்ணீர் குழாயில் நம் வீட்டுக்கு வந்தால் மாநகராட்சி பொறுப்பு. தண்ணீர் ஒன்றுதான், யாரிடம் போய்ச் சண்டை போட வேண்டும் என்பது மட்டும் மாறும். தேர்தலும் இப்படித்தான்.

எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். கவுன்சிலர், ஊராட்சித் தலைவர் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றின் கிளைதான் மற்றது என்று பலரும் நினைக்கிறார்கள், செய்தி வாசிப்பவர்கள்கூடச் சில நேரம் அப்படித்தான் பேசுகிறார்கள். இரண்டும் தனித்தனி அமைப்புகள். அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோதுதான் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ளாட்சித் தேர்தலுக்கென்றே ஓர் ஆணையம் இருக்க வேண்டும், 5 ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடக்க வேண்டும் என்பது கட்டாயமானது.

ஆனால் வாக்காளர் பட்டியல் என்று வரும்போது மட்டும் இந்த இரண்டும் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. அத்தை மாட்டிக்கொண்ட இடமும் அதுதான்.

நெல்லை எக்ஸ்பிரஸும் வாக்காளர் பட்டியலும்

சென்னையிலிருந்து பொங்கலுக்கு ஊருக்கு வருகிறீர்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தாயிற்று. டிக்கெட் பரிசோதகர் வருகிறார். ஆதாரை நீட்டுகிறீர்கள். ஆதார் என்ன சொல்லும்? நீங்கள் நீங்கள்தான் என்று சொல்லும். உங்களுக்கு எஸ்-5 பெட்டியில் 32-ம் படுக்கை என்று சொல்லாது. அதைச் சொல்வது சார்ட். சார்ட்டில் பெயர் இல்லை என்றால் எத்தனை அட்டையை எடுத்து நீட்டினாலும் படுக்கை கிடையாது.

வாக்காளர் அட்டை ஆதார் மாதிரி, ஆளை அடையாளம் காட்டும். வாக்காளர் பட்டியல்தான் சார்ட். அட்டை தொலைந்து போனாலும் பட்டியலில் பெயர் இருந்தால் ஓட்டுனர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் என்று வேறு ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம். பட்டியலில் பெயர் இல்லாமல் போனால் அட்டையை லேமினேட் செய்து கழுத்தில் தொங்கவிட்டாலும் பிரயோஜனம் இல்லை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ரயில் டிக்கெட்டை நாம் எங்கெங்கோ உட்கார்ந்து பதிவு செய்கிறோம், பதிவெல்லாம் ஒரே இடத்தில் சேருகிறது. வண்டி கிளம்புவதற்கு முன்னால் அதைப் பெட்டி வாரியாகப் பிரித்து சார்ட் போடுகிறார்கள். உள்ளாட்சித் தேர்தலிலும் இதே வேலைதான் நடக்கிறது. மாநிலத் தேர்தல் ஆணையம் வீடு வீடாக வந்து புதிதாக ஒரு பட்டியல் தயாரிப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிக்கென்று ஏற்கெனவே இருக்கிற பட்டியலை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள தெருக்கள் எந்தெந்த வார்டில் வருகின்றன என்று பார்த்து, வார்டு வாரியாகப் பிரித்து வெளியிடுகிறது. வார்டு என்பது ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிற அளவுக்கு ஊரை வெட்டிய துண்டு. திருநெல்வேலி மாநகராட்சியில் அப்படி 55 துண்டுகள் இருக்கின்றன. தச்சநல்லூர், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று 4 மண்டலங்களில் அவை அடங்கும்.

ஆக உள்ளாட்சிக்குத் தனிக் கார்டு என்று எதுவும் கிடையாது. எம்.எல்.ஏ. தேர்தலுக்கு இருக்கிற பெயர்தான் கவுன்சிலர் தேர்தலுக்கும். அங்கே பெயர் இல்லாவிட்டால் இங்கேயும் இருக்காது.

எம்.எல்.ஏ. தேர்தலில் உறைக்காத தப்பு கவுன்சிலர் தேர்தலில் ஏன் உறைக்கிறது?

அத்தை 2019-ல் எம்.பி. தேர்தலில் ஓட்டுப் போட்டார், 2021-ல் எம்.எல்.ஏ. தேர்தலிலும் போட்டார். இரண்டு முறையும் பழைய மகாராஜநகர் சாவடிக்குத்தான் போனார். அது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. ஏனென்றால் மகாராஜநகரில் இருந்தாலும் பெருமாள்புரத்தில் இருந்தாலும் சட்டமன்றத் தொகுதி பாளையங்கோட்டைதான், எந்தச் சாவடியில் போட்டாலும் அதே வேட்பாளர்கள், அதே எம்.எல்.ஏ. முகவரி பழசாக இருப்பதால் ஓட்டு தப்பான இடத்துக்குப் போய்விடவில்லை.

வார்டு தேர்தலில் அப்படி நடக்காது. நாலு தெரு தள்ளிக் குடிபோனாலே கவுன்சிலர் மாறிவிடலாம், வேட்பாளர்கள் மொத்தமாக வேறு ஆட்களாக இருக்கலாம். பட்டியலைப் பிரிக்கிறவர்களுக்கு நீங்கள் இன்று எங்கே தூங்குகிறீர்கள் என்று தெரியாது, பட்டியலில் இருக்கிற முகவரியை மட்டும்தான் பார்ப்பார்கள். பழைய முகவரி பழைய வார்டில் விழும், நீங்களும் அதோடு சேர்ந்து விழுவீர்கள். இப்போது வீட்டு முன்னால் தெருவிளக்கு எரியவில்லை என்று யாரிடம் போய் நிற்பீர்களோ அவரைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்குப் பங்கே இருக்காது.

நான் பேசிப் பார்த்தவரை, உள்ளாட்சித் தேர்தல் அன்று "என் பேரை நீக்கிட்டாங்க" என்று கோபப்படுகிறவர்களில் நிறையப் பேர் விஷயத்தில் பெயர் நீங்கவே இல்லை. வேறொரு வார்டில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு பக்கம், ஊரின் ஓரத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு மாதிரிக் குழப்பம். கேடிசி நகர் பக்கம் புதிதாக வீடு கட்டிப் போனவர்களைக் கேட்டால் "பாளையங்கோட்டையில இருக்கோம்" என்றுதான் சொல்வார்கள். டவுன் பஸ் வருகிறது, எல்லாம் மாநகராட்சி மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் கீழநத்தம் ஊராட்சிக்குள் வருகிற பகுதியும் உண்டு. ஊராட்சியில் இருப்பவருக்கு மாநகராட்சித் தேர்தலில் ஓட்டே கிடையாது, அவருக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல், அது வேறு நாளில் வேறு முறையில் நடக்கும். நீங்கள் எதற்குள் வருகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி, வீட்டுத் தீர்வை ரசீதில் யார் பெயர் போட்டிருக்கிறது என்று பார்ப்பது. ஓட்டுப் போட அந்த ரசீது வேண்டாம், இதைத் தெரிந்துகொள்ளப் பயன்படும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: ஓட்டு இருப்பது பட்டியலில், அட்டையில் இல்லை. பட்டியல் ஒன்றுதான், அதை முகவரியை வைத்து வார்டுகளாகப் பிரிக்கிறார்கள். முகவரி பழசானால் வார்டும் பழசு.

வாடகைக்காரருக்கு எங்கே ஓட்டு? சொந்த வீட்டுக்காரருக்கு எங்கே?

சட்டம் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது: சாதாரணமாகக் குடியிருப்பவர். நீங்கள் வழக்கமாக எங்கே தங்கி, சமைத்து, தூங்கி எழுந்து வாழ்கிறீர்களோ அந்த இடம்தான் கணக்கு. வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது கணக்கில் வராது. வாடகை வீடோ, ஒத்தி வீடோ, மாமனார் வீட்டு மாடியோ, அங்கே குடியிருந்தால் அங்கேதான் உங்கள் ஓட்டு. இதற்கு நேர்மாறாக, டவுனில் மூன்று வீடு வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் குடும்பத்தோடு இருக்கிறவருக்கு, வீடு வைத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் டவுனில் ஓட்டு கிடைக்காது. 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

டீக்கடை அண்ணாச்சி சொன்ன வீட்டு வரிக் கதை ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்து நகராட்சிகளில் வரி கட்டுகிறவர்களைச் சுற்றித்தான் ஓட்டுரிமை இருந்தது. அவருடைய தாத்தா சொல்லக் கேட்டிருப்பார். குடியரசு ஆனபின் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு வந்தது, 1989-ல் அந்த வயது 18 ஆனது. வரி பாக்கி வைத்திருந்தால் குழாய் இணைப்பைத் துண்டிப்பார்கள், ஓட்டைத் துண்டிக்க மாட்டார்கள்.

மாணவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் ராதாபுரத்தில் அப்பா அம்மா வீட்டு முகவரியிலும் பதிவு செய்யலாம், விடுதி முகவரியிலும் செய்யலாம். இரண்டில் ஒன்றுதான், அதை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

சரி, அந்த ஐந்தாமவர்? ஊரிலும் பெயர், இங்கேயும் பெயர். ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரே தொகுதிக்குள்ளும் இரண்டு முறை இருக்கக் கூடாது. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்துப் பெயர் சேர்த்தால் ஓர் ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நம் ஆட்களில் பெரும்பாலோர் ஏமாற்ற வேண்டும் என்று இதைச் செய்வதில்லை, ஊர் ஓட்டை விட்டுக்கொடுக்க மனசு வராது, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி எழுதுகிறபோது பெயர் இருக்க வேண்டும் என்கிற மாதிரி ஓர் ஒட்டுதல். புரிகிறது. ஆனால் கொடை வரி எத்தனை ஊரிலும் கொடுக்கலாம், ஓட்டு ஒன்றுதான்.

எந்தப் படிவம், எப்போது?

மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். முதல் முறையாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. பெயரை நீக்க, அதாவது வீட்டில் யாராவது இறந்துபோனால் அல்லது இரட்டைப் பதிவு இருந்தால், படிவம் 7. வீடு மாறினால், பெயரில் எழுத்துப் பிழை இருந்தால், படம் தெரியாமல் போனால், அட்டை தொலைந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் படிவம் 8. முன்பு ஒரே தொகுதிக்குள் வீடு மாறுவதற்கு 8ஏ என்று தனியாக ஒன்று இருந்தது, 2022 ஆகஸ்டில் இருந்து அதையும் 8-க்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்னும் 8ஏ கேட்டுக்கொண்டு அலைகிறார்கள்.

வீடு மாறியவர்கள் செய்கிற பெரிய தப்பு, புதிய வீட்டுக்கு வந்ததும் படிவம் 6 போடுவது. அப்படிச் செய்தால் புதுப் பெயர் ஒன்று முளைக்கும், பழையதும் அங்கேயே நிற்கும். ஐந்தாமவர் கதை பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. 8 போட்டால் பழைய இடத்திலிருந்து பெயர் எடுக்கப்பட்டுப் புதிய இடத்துக்கு வரும்.

இவற்றை இணையத்திலோ செல்போன் செயலியிலோ போடலாம். அது ஒத்துவராது என்றால் உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தாளாகவே கொடுக்கலாம். எல்லோரும் பி.எல்.ஓ. என்று சொல்வது இவரைத்தான். ஒரு சாவடிக்கு ஒருவர். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளிக்கூட ஆசிரியராகவோ இருப்பார். 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று படிவத்தோடு வீடு வீடாக வந்தாரே, அவர்தான். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

அந்தத் திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வரவில்லை. இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரண்டு இடங்களில் இருந்தவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. போன தேர்தலில் ஓட்டுப் போட்டேன், அதனால் இந்தத் தேர்தலிலும் பெயர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருப்பது இனிமேல் சரிப்பட்டு வராது. குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள், அப்பா பெயர் இருக்கிறது என்பதற்காக அம்மா பெயரும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வயதுக் கணக்கும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 முடிந்திருக்க வேண்டும், ஜனவரி 2-ல் பிறந்த பிள்ளை ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நாலு மாதங்களின் முதல் தேதியும் கணக்கு. 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பித்தும் வைக்கலாம்.

உங்களுக்கு எத்தனை ஓட்டு?

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் நகர்ப்புற உள்ளாட்சி என்று பெயர். திருநெல்வேலி மாநகராட்சியில் இருந்தாலும், அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், களக்காடு நகராட்சிகளில் இருந்தாலும், கல்லிடைக்குறிச்சி, பத்தமடை, திசையன்விளை போன்ற பேரூராட்சிகளில் இருந்தாலும் உங்களுக்கு ஒரே ஓட்டு. உங்கள் வார்டு கவுன்சிலருக்கு. இயந்திரத்தில் ஒரு பட்டன், ஒரு பீப் சத்தம், முடிந்தது.

கிராம ஊராட்சியில் இருந்தால் நாலு ஓட்டு. நம்ப முடியாதவர்கள் முன்னீர்பள்ளத்துக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு மஞ்சள். இயந்திரம் இல்லை, பழைய காலம் மாதிரி ரப்பர் முத்திரையால் சின்னத்தின் மேல் குத்தி, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். ஒரு சீட்டில் ஒரே இடத்தில்தான் முத்திரை விழ வேண்டும், இரண்டு பேருக்குக் குத்தினால் அந்தச் சீட்டு செல்லாது. இதில் வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் கட்சிச் சின்னத்தில் நிற்பதில்லை. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் கட்சிச் சின்னம் வரும். நம் மாவட்டத்தில் கடைசியாக இந்தத் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. மற்ற 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. தென்காசி மாதிரிப் புதிய மாவட்டங்கள் பிரிந்து எல்லைகள் மாறியதால் நாம் உட்பட 9 மாவட்டங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மேயர் பட்டன் எங்கே போயிற்று?

நாலாவது ஆளின் மோசடிக் குற்றச்சாட்டுக்கு வருவோம். அம்மன் கோயில் கொடைக்குக் கமிட்டி எப்படிப் போடுகிறார்கள்? பல ஊர்களில் தெருவுக்கு ஓர் ஆளைத் தெருக்காரர்கள் சேர்ந்து சொல்வார்கள். அந்த ஆட்கள் ஒரு நாள் கோயில் முன்னால் உட்கார்ந்து தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்குவார்கள். தலைவர் யார் என்பதில் தெருவில் இருக்கிற உங்களுக்கு நேரடியாகச் சொல்ல இடமில்லை. நீங்கள் அனுப்பிய ஆள் உங்களுக்காகச் சொல்வார், அல்லது அவருக்கு விருப்பமானதைச் சொல்வார்.

மறைமுகத் தேர்தல் என்பது இதுதான். நாம் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறோம், 55 கவுன்சிலர்களும் சேர்ந்து தங்களில் ஒருவரை மேயராகவும் ஒருவரைத் துணை மேயராகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022-ல் மக்கள் ஓட்டுப் போட்டது பிப்ரவரி 19, கவுன்சிலர்கள் பதவியேற்றது மார்ச் 2, மேயர் தேர்வு மார்ச் 4. நகராட்சித் தலைவர், பேரூராட்சித் தலைவர் பதவிகளுக்கும் இதே முறைதான். ஊரகத்தில் ஒன்றியத் தலைவரும் மாவட்ட ஊராட்சித் தலைவரும் மறைமுகம், கிராம ஊராட்சித் தலைவர் மட்டும் நேரடி.

இதில் நம் ஆட்கள் குழம்புவதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் முறையை மாற்றி மாற்றி வைத்துவிட்டார்கள். 1996-லும் 2001-லும் மேயருக்கு மக்களே ஓட்டுப் போட்டார்கள். 2006-ல் மறைமுகம். 2011-ல் மறுபடியும் நேரடி. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டுத் திரும்பவும் மறைமுகமாக்கினார்கள். 2011-ல் இரண்டு ஓட்டுப் போட்டவர் அதற்கு அடுத்த தேர்தலில் ஒன்றைக் காணோம் என்று தேடத்தான் செய்வார்.

இரண்டு முறைக்கும் என்ன வித்தியாசம் என்பதை நம் ஊரிலேயே பார்த்தோம். 2014-ல் நம் மேயர் மாநிலங்களவை உறுப்பினராகப் போனதால் பதவி காலியானது. அப்போது நேரடி முறை என்பதால் ஊர் முழுக்க இடைத்தேர்தல் அறிவித்தார்கள் (கடைசியில் எதிர்த்து நின்றவர் வாபஸ் வாங்கிப் போட்டியே இல்லாமல் முடிந்தது, அது வேறு கதை). 2024-ல் மேயர் ராஜினாமா செய்தபோது நமக்கு வேலையே இல்லை. ஆகஸ்ட் 5 அன்று கவுன்சிலர்கள் கூடி ஓட்டுப் போட்டார்கள். ஒரே கட்சிக்குள்ளேயே எதிர்த்து நின்றார்கள், ஜெயித்தவருக்கு 30, தோற்றவருக்கு 23. ஊருக்கு மேயர் மாறிய விஷயம் பலருக்கு மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது. நேரடிதான் நல்லது என்பது என் கருத்து. மேயர் ஒரு கட்சி, மன்றத்தில் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்று ஆனால் எந்தத் தீர்மானமும் நகராது என்று மறுபக்கத்தில் சொல்கிறார்கள், அதையும் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. எப்படியிருந்தாலும் இன்றைய முறையில் உங்கள் வார்டு ஓட்டுக்குள் மேயர் ஓட்டும் ஒளிந்திருக்கிறது. தெருவிளக்குக்கு நல்லவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவர்தான் மேயரையும் தீர்மானிப்பார்.

வார்டு ஒதுக்கீடு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்கள் உண்டு. இவை எல்லாம் யார் நிற்கலாம் என்பதைப் பற்றியவை. பெண்கள் வார்டு என்றால் பெண்கள்தான் ஓட்டுப் போட வேண்டுமோ என்று ஒரு பெரியவர் என்னிடம் நிஜமாகவே கேட்டார். ஓட்டு எல்லோருக்கும் உண்டு, ஐயா. நிற்பதற்கு மட்டும் 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

சுருக்கமாக: நகரில் ஒரு ஓட்டு, கிராமத்தில் நாலு. மேயரைத் தேர்ந்தெடுப்பது நாம் தேர்ந்தெடுத்தவர்கள். ஒதுக்கீடு வேட்பாளருக்கு, வாக்காளருக்கு இல்லை.

தேர்தல் வரவே இல்லையென்றால்?

5 ஆண்டுக்கு ஒரு முறை என்று மேலே எழுதினேன். 2011-ல் வந்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடப்பதாகத் தேர்தல் அறிவித்து, வேட்புமனுவும் வாங்கிய பிறகு, இடஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கப்புறம் வார்டு மறுவரையறை, வழக்கு, கொரோனா என்று இழுத்துக்கொண்டே போய், அடுத்த மன்றம் வந்து உட்கார்ந்தது 2022 மார்ச்சில். இடைப்பட்ட 5 ஆண்டுக்கும் மேலான காலத்துக்கு மாநகராட்சியைத் தனி அலுவலர்தான் நடத்தினார். தனி அலுவலர் என்பவர் மன்றம் இல்லாத காலத்தில் அதன் அதிகாரத்தை எல்லாம் கையில் வைத்திருக்கிற அரசு அதிகாரி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது, அவருக்கு நம் ஓட்டும் வேண்டாம். 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றத்துக்கு 5 ஆண்டுக் கணக்கு 2027 மார்ச்சில் முடிகிறது.

ஓட்டுப் போடுகிற நாள்

இதில் சொல்ல அதிகம் இல்லை, சட்டமன்றத் தேர்தல் மாதிரியேதான். முன்னாலேயே பட்டியலில் உங்கள் வார்டு எண், பாகம் எண், வரிசை எண் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாகம் என்பது ஒரு சாவடிக்குரிய பெயர்கள் அடங்கிய பட்டியலின் பகுதி. போன முறை போட்ட பள்ளிக்கூடமேதான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள், சட்டமன்றத்துக்கும் உள்ளாட்சிக்கும் சாவடி மாறலாம். உள்ளே ஒருவர் பெயரைச் சத்தமாக வாசிப்பார், கட்சி முகவர்கள் சரிபார்ப்பார்கள், கையெழுத்து, விரலில் மை, மறைப்புக்குப் பின்னால் பட்டன்.

நீங்கள் போவதற்குள் உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டிருந்தால் திட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்பது அவருக்கு உறுதியானால் காகித வாக்குச்சீட்டு தருவார், அதில் போட்டு அவரிடம் கொடுத்தால் தனி உறையில் வைப்பார். டெண்டர் ஓட்டு என்று சொல்வது இதைத்தான். சினிமாவைப் பார்த்துவிட்டு எல்லோரும் 49-பி என்கிறார்கள், அந்த எண் எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல் விதிப் புத்தகத்தில் உள்ளது. உள்ளாட்சிக்கு விதிப் புத்தகம் வேறு. எண்ணைச் சொல்லிச் சண்டை போடாமல் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அத்தை கதையையும் முடித்துவிடுகிறேன். தேர்தல் முடிந்த கையோடு படிவம் போட்டோம். பி.எல்.ஓ. வந்து விசாரித்துவிட்டுப் போனார், இரண்டு மாதத்தில் பெயர் பெருமாள்புரத்துக்கு வந்துவிட்டது. 2024 எம்.பி. தேர்தலில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே போட்டார். அங்கே படி ஏற வேண்டியிருக்கிறதாம், மகாராஜநகர் சாவடி தரையோடு தரையாக வசதியாக இருந்ததாம். "அங்கேயே விட்ருக்கலாமோ?" என்கிறார்.